மூன்று முறை கூப்பிட்டார்கள்

பிரபாவைப் பற்றி யார் பேச்செடுத்தாலும், பாவம் அந்தப் பெண்ணுக்குப் படிப்பு ஏறவில்லை என்று முடித்துவிடுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஹைஸ்கூலிலிருந்து பீயூசி வரை, அதாவது தமிழ்நாட்டுப் பிளஸ் டூ வரை, அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் நான். கரப்பான்பூச்சியை அறுத்து அதன் உமிழ்நீர்ச் சுரப்பியைக் கிழிக்காமல் வெளியே எடுக்க எங்கள் வகுப்பில் அவள் ஒருத்தியால்தான் முடிந்தது. நான் எடுத்தால் கந்தலாக வரும். இன்று டாக்டர் நான், அவள் அல்ல. இதற்கும் படிப்பு ஏறுவதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் எங்கள் வீடும் அவர்கள் வீடும் எதிரெதிர். சந்து அவ்வளவு குறுகல், அவர்கள் வீட்டில் மீன் பொரித்தால் எங்கள் வீட்டில் பசியெடுக்கும். அவள் அப்பா பழனிச்சாமி மாமா பஸ் கண்டக்டர். "முந்தே ஹோகி, முந்தே ஹோகி" என்று நாளெல்லாம் கன்னடத்தில் ஜனங்களை முன்னால் தள்ளிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் தமிழில் அதே குரலில் பேசுவார். அவருக்குத் தெரியாத விஷயம் கிடையாது. எந்த ஆபீசில் எந்த ஜன்னலில் நிற்க வேண்டும், எந்த டாக்டர் கைராசிக்காரர், எல்லாம் பஸ்ஸில் கேட்டது. பாதிப் பேச்சில் ஆள் இறங்கிப் போய்விட்டால் மீதியை இவரே போட்டு நிரப்பிக்கொள்வார். ஒரு தடவை ரேஷன் கார்டு விஷயமாக எங்கள் அம்மாவைத் தப்பான ஆபீசுக்கு அனுப்பிவிட்டார். அம்மா திரும்பி வந்து புலம்பியபோது, அந்த ஆபீஸ் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டதும் நல்லதுதானே என்றார். அவர் சுபாவம் அது. கெட்டவர் இல்லை. மகள் மேல் உயிர்.

பிரபாவை டாக்டராக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அவளுக்கும் அதே ஆசைதான். அப்பா திணித்தது என்று நான் சொல்லமாட்டேன். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால்கூட, எத்தனை நாளாக, இருமல் உண்டா என்று விசாரிக்காமல் அவளால் நகர முடியாது.

தொண்ணூற்றெட்டில் பீயூசி ரிசல்ட் வந்தது. அவளுக்கு பயாலஜியில் தொண்ணூற்று மூன்று, கெமிஸ்ட்ரியில் எண்பத்தாறு, ஃபிசிக்ஸில் ஐம்பத்துநாலு. எனக்கு ஃபிசிக்ஸில் நாற்பத்தொன்பது, மற்றதும் அவளுக்குச் சற்றுக் கீழேதான். அந்தக் காலத்தில் கர்நாடகத்தில் பீயூசி மார்க்கில் பாதியும் நுழைவுத் தேர்வு மார்க்கில் பாதியும் சேர்த்து ராங்க் போடுவார்கள். இருவருக்கும் ஒரே இட ஒதுக்கீட்டுப் பிரிவு. அவள் ராங்க் எனக்குச் சில எண்கள் முன்னால். அது மெடிக்கல் கிடைக்கிற ராங்க் இல்லை என்று சந்து முழுக்கப் பேசிக்கொண்டது; நான் என் மார்க்கையும் ராங்க்கையும் வெட்கப்பட்டு வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் அப்பா எதையும் உடனே செய்கிற ஆள் இல்லை. பார்க்கலாம், கடைசி ரவுண்டு வரைக்கும் பார்க்கலாம் என்றார். சோம்பேறித்தனம் என்று அம்மா திட்டினாள். அந்தச் சோம்பேறித்தனம்தான் என்னை டாக்டராக்கியது. பழனிச்சாமி மாமா சும்மா இருக்கத் தெரியாதவர். அவர் பஸ்ஸின் டிரைவர் கோவிந்தப்பாவின் மகன் முந்தின வருடம் பீயூசியில் மார்க் போதாமல் ரிசல்ட்டை 'ரிஜெக்ட்' செய்துவிட்டு, மறுபடி எழுதி இன்ஜினியரிங்கில் சேர்ந்திருந்தான். இங்கே அப்படி ஒரு வழி உண்டு. பாஸானவர்கள் தங்கள் ரிசல்ட்டே வேண்டாம் என்று மார்க்ஷீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதிதாக எழுதலாம். கோவிந்தப்பா மகன் எல்லாப் பாடத்திலும் தட்டுத்தடுமாறிப் பாஸானவன். அவனுக்கு இழக்க ஒன்றும் இல்லை. நல்ல மார்க் உள்ளவர்கள் இதைச் செய்யலாமா என்பதை மட்டும் மாமா பஸ்ஸில் யாரிடமும் கேட்கவில்லை.

அவர் இந்த யோசனையைச் சொன்ன அன்று நானும் அவர்கள் வீட்டில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பிரபாவின் அம்மா தமயந்தி அத்தை அதிகம் பேசாதவர். அன்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மத்த பாடத்து மார்க்கெல்லாம் என்னாவும்?"

"அது அப்டியே இருக்கும். கம்மியா வாங்குனத மட்டும் திருப்பி எழுதுனா போதும். நீ போயி ரசத்தப் பாரு."

அத்தை ரசத்தைப் பார்க்கப் போனார். பிரபா அப்பாவைப் பார்த்தாள், சரிப்பா என்றாள். ஊருக்கெல்லாம் வழி சொல்கிறவர் தனக்குத் தப்பாகச் சொல்வார் என்று எந்தப் பெண் நினைப்பாள்? எனக்கும் தோன்றவில்லை. நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன்.

இரண்டு டிரிப்புக்கு நடுவில் காக்கிச் சட்டையோடு காலேஜ் ஆபீசுக்கு அவளை அழைத்துப்போனார். ரிசல்ட் முழுவதும்தானே என்று கிளார்க் கன்னடத்தில் கேட்டாராம், ஒரு முறைக்கு இரண்டு முறை. இவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஹௌது, ஹௌது என்று தலையாட்டினாராம். அவரும் கையெழுத்துப் போட்டார், அவளும் போட்டாள். மார்க்ஷீட்டைக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

எல்லாப் பாடமும் அழிந்துபோன விஷயம் ஆகஸ்டில்தான் தெரிந்தது. ஃபிசிக்ஸ் டியூஷன் கேட்கப் போன இடத்தில் லெக்சரர், ஆறு பேப்பரும் எழுத வேண்டுமே, மற்றதை யாரிடம் படிக்கிறாய் என்று கேட்டிருக்கிறார். பிரபா வீட்டுக்கு வந்து சொன்னாள். மாமா காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு, அதுவும் நல்லதுக்குத்தான், தொண்ணூற்று மூன்றைத் தொண்ணூற்றெட்டாக்கு என்றார். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை என்று அத்தை எங்கள் அம்மாவிடம் சொன்னார்.

அக்டோபரில் கடைசி ரவுண்டு. சேர்ந்தவர்கள் விட்டுவிட்டுப் போன மிச்ச சீட்டுகளுக்கான கூட்டம் அது. அப்பாவுக்கு அன்று லீவு கிடைத்தது, அதனால் போனோம். எனக்கு நம்பிக்கையே இல்லை, போகிற வழியில் மசால்தோசை வாங்கித் தருவார் என்றுதான் கிளம்பினேன். பெரிய ஹால். மைக்கில் ராங்க் எண்ணை வரிசையாகக் கூப்பிடுவார்கள், இருப்பவர் எழுந்து போக வேண்டும். பாதிப் பேர் வரவே இல்லை. அவர்கள் ஏற்கெனவே எங்கெங்கோ சேர்ந்துவிட்டிருந்தார்கள். எண்கள் மளமளவென்று ஓடின. எங்கள் பிரிவில் ஒரே ஒரு மெடிக்கல் சீட் மிச்சம் இருந்தது.

பிரபாவின் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

அது எனக்கு என் எண்ணைப் போலவே மனப்பாடம்; ராங்க் பட்டியலிலிருந்து அதை யாரும் அடித்திருக்கவில்லை. பதில் இல்லை என்றதும் இரண்டாவது முறை கூப்பிட்டார்கள். அப்பா என்னைப் பார்த்தார், அவருக்கும் தெரியும். மூன்றாவது முறை கூப்பிட்டபோது பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள், யாரோ கொடுத்துவைக்காதது என்று முணுமுணுத்தார். எழுந்து ஓடிப்போய் அவளைக் கூட்டி வந்தாலும் கையில் காட்ட மார்க்ஷீட் கிடையாது, கணக்குப்படி அவள் பாஸான பெண்ணே கிடையாது. அவளுக்கு அடுத்து இருந்தவர்கள் யாரும் வந்திருக்கவில்லை. அப்புறம் என் எண். நான் எழுந்து போனேன்.

அந்த சீட்டை நான் யாரிடமும் பிடுங்கவில்லை. ஆனால் ஐம்பத்துநாலு மார்க்கை வைத்துக்கொண்டு அவள் நாலு மாதம் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், அது அவளுடையது. இதை நினைக்காமல் நான் ஒரு நாளும் ஸ்டெதஸ்கோப்பைக் கையில் எடுத்ததில்லை.

சாயங்காலம் அவர்கள் வீட்டு மொட்டை மாடிக்குப் போனேன். கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். மறைத்தால் வேறு யார் வாயாலாவது கேட்பாள் என்று பயந்தேன். அவள் மாமாவின் காக்கிச் சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"மூணு வாட்டி கூப்ட்டாங்களா?"

"ஆமா."

"எங்கப்பாகிட்ட மட்டும் சொல்லாத தீபி. நீ நல்ல மார்க்கு, அதனால கெடச்சிதுன்னு இருக்கட்டும். நான் தோத்தா எனக்குப் பரவால்ல. அவரு தோத்தா தாங்க மாட்டாரு."

எங்கள் அப்பாவையும் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அந்த வருடம் முழுக்க பிரபா ஃபிசிக்ஸ் படித்தாள். ஃபிசிக்ஸ் எழுபத்தொன்றுக்கு ஏறியது. பயாலஜி எழுபத்தொன்பதுக்கும் கெமிஸ்ட்ரி எண்பதுக்கும் இறங்கின. மொத்தத்தில் முந்தின வருடத்தைவிட மூன்று மார்க் குறைவு. பயாலஜி பரீட்சையன்று பதற்றத்தில் தெரிந்த படத்தைக்கூட வரைய முடியவில்லை என்று எனக்கு எழுதியிருந்தாள். நான் அப்போது வடகர்நாடகத்தில் என் மெடிக்கல் காலேஜில் பிணத்தின் முன்னால் நின்று நரம்புகளைக் கந்தலாக்கிக்கொண்டிருந்தேன். அவளாக இருந்தால் சுத்தமாக எடுத்திருப்பாள் என்று அழுகை வந்தது.

ராங்க் இன்னும் பின்னால் போயிற்று. கடைசி ரவுண்டும் அவள் எண்ணுக்கு வெகு முன்னாலேயே நின்றுவிட்டது. பி.எஸ்ஸி. சேர்ந்தாள். முடித்ததும் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. அப்போது பெங்களூரில் தெருவுக்குத் தெரு அந்தக் கம்பெனிகள். அமெரிக்காவில் யாரோ ஒரு டாக்டர் தன் பேஷண்டைப் பற்றிப் பேசிப் பதிவுசெய்ததை ஹெட்போனில் கேட்டு டைப் அடிக்க வேண்டும். முகம் தெரியாத ஒரு கிழவரின் ஈரலைப் பற்றி அவளுக்கு எல்லாம் தெரியும். அவர் பிழைத்தாரா என்பது மட்டும் தெரியாது. ஒரு தடவை போனில் இதைச் சொல்லிவிட்டு, அந்த டாக்டர் ஒரு டெஸ்டை விட்டுவிட்டார், யாரிடம் சொல்வது என்று கேட்டாள். யாரிடமும் சொல்ல முடியாது என்றேன். தெரியும் என்றாள்.

நான் லீவுக்கு வரும்போதெல்லாம் மாமா என்னைக் காட்டி அவளைக் குத்துவார். பார், தீபிகா ஃபிசிக்ஸை எப்படிப் பிடித்துக்கொண்டாள், நீ கோட்டை விட்டாய் என்பார். அவள் டீ எடுத்துவரப் போய்விடுவாள். எனக்கு வாய் வரைக்கும் வரும். டீயோடு சேர்த்து முழுங்குவேன். மாமாவின் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அவரைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது, அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

இரண்டாயிரத்து ஆறில் நான் மல்லேஸ்வரத்தில் ஒரு நர்சிங்ஹோமில் டியூட்டி டாக்டர். மாமா ரிட்டயராகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. சர்க்கரை. காலில் செருப்பு கடித்த புண்ணுக்கு, பஸ்ஸில் யாரோ சொன்ன களிம்பைப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பிரபா சொல்லச் சொல்லக் கேட்கவில்லை. கொண்டுவந்தபோது இரண்டு விரல் கறுத்திருந்தது, எடுக்க வேண்டியதாயிற்று.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் நான் கட்டைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரபா கட்டிலுக்குப் பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். தமயந்தி அத்தை ஜன்னலோரம் இருந்தார். மாமாவுக்கு என்னை நீ என்பதா, நீங்கள் என்பதா என்று குழப்பம். ஒரே பேச்சில் இரண்டும் வரும். குரல் மட்டும் முன்னைப் போல இல்லை.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கட்டுமா? பீயூசில ஃபிசிக்ஸ் நீங்க எவ்ளோ வாங்குன?"

இத்தனை வருடத்தில் அவர் இதைக் கேட்டதே இல்லை. கால் விரலைப் பறிகொடுத்துப் படுத்திருக்கும் மனிதர், வேறு எதையெல்லாம் தன் யோசனையால் பறிகொடுத்தோம் என்று கூரையைப் பார்த்துக் கணக்குப் போட்டிருக்க வேண்டும். அவர் கண்ணில் பயத்தைப் பார்த்தேன். பிரபா தலையைத் தூக்கவில்லை. உரித்துக்கொண்டிருந்த கை மட்டும் நின்றுவிட்டது.

சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. புதுக் கட்டின் நுனியை இழுத்து முடிச்சுப் போட்டேன்.

"தொண்ணூத்தொண்ணு மாமா."

அவர் மூச்சை விட்டார். முகம் தெளிந்தது. மகள் பக்கம் திரும்பினார், பழைய கண்டக்டர் குரல் வந்துவிட்டது.

"பாத்தியாடி? தொண்ணூத்தொண்ணு. அம்பத்திநால வெச்சிக்கினு எவன் சீட்டு குடுப்பான்? ரிஜெக்ட் பண்ணதுதான் கரெக்ட்டு. நீதான் ரெண்டாவது வாட்டி ஒழுங்கா எழுதல."

"ஆமாப்பா" என்றாள் பிரபா. ஒரு சுளையைக் கொட்டை எடுத்து அவர் வாயில் வைத்தாள்.

தமயந்தி அத்தை மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பொய் சொல்கிறேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. எட்டு வருடத்துக்கு முன் கேட்ட ஒரே கேள்விக்குக் கிடைத்த பதில் அவருக்கு ஆயுசுக்கும் போதும்.

பிரபாவுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடப் போனேன். கையில் ஆரஞ்சு வாசனை இருந்ததோ என்னவோ, விரல்களைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே வந்தாள். ஸ்டாப்பில் நின்றபிறகு கேட்டாள்.

"நெஜமா எவ்ளோ தீபி?"

மொட்டை மாடியில் சொன்ன அன்றுகூட அவள் என் மார்க்கைக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. அவள் அப்பாவிடம் அவ்வளவு சுலபமாக வந்த பொய் இப்போது வரவில்லை.

"நாப்பத்தொம்போது."

அவள் தலையாட்டினாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. திட்டினாலாவது எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தூரத்தில் பஸ் திரும்பியது. ஏறுவதற்கு முன்னால் என் கையைப் பிடித்தாள்.

"தொண்ணூத்தொண்ணுன்னு சொன்னதை ஞாபகம் வெச்சிக்கோ. அவரு திருப்பிக் கேப்பாரு. மாத்தி சொல்லிடாத."

உள்ளே கண்டக்டர் முந்தே ஹோகி, முந்தே ஹோகி என்று கத்திக்கொண்டிருந்தார். அவள் கூட்டத்தோடு முன்னால் நகர்ந்துபோனாள்.

மறுநாள் கட்டு மாற்றும்போது மாமா திரும்பக் கேட்டார். தொண்ணூற்றொன்று என்றேன்.