வில்மா டீன் அத்தையின் மூணாவது கியர்

வில்மா டீன் அத்தை பள்ளிக்கூடச் சமையற்கட்டில் இருபத்தாறு வருஷம் பீன்ஸ் கிளறியவள். மூடியைத் திறக்காமல், கொதிக்கிற சத்தத்தை வைத்தே அடிபிடித்துவிட்டதா என்று சொல்லிவிடுவாள். காரையும் அப்படித்தான் ஓட்டினாள். ஒருதடவை விளையாட்டுக்கு அவள் காரின் சக்கர மூடிக்குள் கூழாங்கல் போட்டுவைத்தேன். கியர்பெட்டியே நொறுங்கிவிட்டது என்று அலறப்போகிறாள் என்று பின்சீட்டில் காத்திருந்தேன். கால் மைல் போனதும் ஓரம்கட்டினாள்.

“டெஸ்ஸி, இறங்குடி. பின்னாடி வலது சக்கரம். மூணு கல்லு. எடுத்துட்டு வா.”

நாலு கல். ஒன்றை அவள் தவறவிட்டதில் எனக்கு ஒரு வாரம் சந்தோஷம்.

அந்தக் கார் என்னைவிடப் பதினோரு வயது மூத்தது. கிளட்ச் மிதி கிடையாது, கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் ஜாதி. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் பர்ல் மாமாவை மலைக்கு அந்தப் பக்கம் டவுனுக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவது அதுதான். மாமாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. நோயாளிகளை ஏற்றிப்போக கவுன்ட்டி அரசாங்கத்தின் வேன் ஒன்று உண்டு. வந்தால் வரும்.

பிப்ரவரியில் கார் முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போகையில் எஞ்சின் மட்டும் ஊளையிடும், வண்டி யோசித்துக்கொண்டு நிற்கும். அத்தை டவுனில் க்ளோவிஸ் ராட்லிஃபிடம் காட்டினாள். அந்த ஆள் கியர்பெட்டியைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார். எஞ்சினை ஓடவிட்டு, நன்றாகச் சூடானதும், ஆயில் பார்க்கும் கம்பியை உருவி வெள்ளைக் காகிதத்தில் துடைத்தாராம். கடுங்காப்பி நிறம். மோந்து பார்த்தால் கருகிய ரொட்டி வாசனை. அப்புறம் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

“உள்ள கிளட்ச் தகடெல்லாம் தேஞ்சுபோச்சுக்கா. அந்தத் தூளு பூரா இந்த ஆயில்லதான் மிதக்குது. இப்போதைக்குப் பிடிப்பு குடுக்கறதே அந்தத் தூளுதான். கொறைஞ்சா ஊத்துங்க. ஆயில மாத்த மட்டும் மாத்திராதீங்க.”

“எவ்ளோ நாளு ஓடும்?”

“பர்ல் அண்ணனுக்கு எவ்ளோ நாளுன்னு டாக்டர் சொன்னாரா?”

“இல்ல.”

“அப்ப நானும் சொல்லமாட்டேன்.”

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அத்தை யாரிடமும் மூச்சுவிடவில்லை. முன்னமே தெரிந்திருந்தால் மே மாதம் சர்ச்சில் நடந்த சபை விருந்தன்று அந்தக் காரியத்தைச் செய்திருக்கமாட்டேன்.

எங்கள் சபையில் ஒருவருக்கு நல்லது செய்வதென்றால் அவருக்குத் தெரியாமல் செய்வார்கள். கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களாம். அன்றைக்குப் பெண்கள் உள்ளே கோழிக்கறியும் மக்காச்சோள ரொட்டியும் பரிமாறிக்கொண்டிருக்க, வெளியே ஆண்கள் அத்தையின் காரைச் சுற்றி நின்றார்கள். அது ஊளையிடுவதை ஊரே கேட்டிருந்தது. சபை மூப்பர் ஹோபர்ட் தாக்கர், முப்பது வருஷம் மாமாவோடு ஒரே நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர், பன்னிரண்டு பாட்டில் புது ஆயிலோடு வந்திருந்தார்.

“பர்ல் உசுரோட இருக்கறதே ரத்தத்தச் சுத்தம் பண்றதாலதானடா? வண்டிக்கு மட்டும் வேற நியாயமா?” என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கும் ரொம்பச் சரியாகத்தான் பட்டது. அவர் என் பக்கம் திரும்பினார். “நீ கைவேகக்காரி. அத்தை பர்ஸ்லேர்ந்து சாவிய எடுத்துட்டு வா பாப்பா.”

நான் செய்த திருட்டுகளிலேயே சபையின் ஆசீர்வாதத்தோடு செய்தது அது ஒன்றுதான்.

ஒன்றரை மணி நேரம் வேலை நடந்தது. பிறகு அத்தையைக் கூப்பிட்டு, ஹோபர்ட் கம்பியை உருவிக் காட்டினார். ஆயில் செர்ரிப் பழச்சாறு மாதிரி சிவந்திருந்தது. அத்தை கம்பியையே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். சந்தோஷத்தில் வாயடைத்துவிட்டது என்று நினைத்தோம்.

“எல்லாரும் கையக் கழுவிட்டு வாங்கண்ணே,” என்றாள். “கேக் வெட்டி வெச்சிருக்கேன்.”

செவ்வாய்க்கிழமை கியரைப் போட்டுப் பத்து எண்ணிய பிறகுதான் வண்டி நகர்ந்தது. மூன்றாவது கியர் இல்லவே இல்லை. மலையேற்றத்தில் எஞ்சின் கத்தியதில் மாமா காதைப் பொத்திக்கொண்டார். நிறுத்தி, ஆறவைத்து, உருட்டிப் போய்ச் சேர்ந்தபோது ஒன்றரை மணி நேரம் தாமதம். அடுத்த ஆளுக்கு டயாலிசிஸ் நாற்காலி வேண்டுமே. நாலு மணி நேரம் சுத்தம் செய்யவேண்டிய ரத்தத்தை இரண்டரை மணி நேரத்தில் அனுப்பிவிட்டார்கள்.

“பாதி துவைச்ச சட்டைய மாட்டிவிட்டுட்டாளுங்க,” என்றார் மாமா. கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன.

திரும்பும் வழியில் க்ளோவிஸ் பட்டறையில் நிறுத்தினோம். அவர் கம்பியைப் பார்த்ததும் அதைத் திருப்பி அதன் இடத்திலேயே செருகிவிட்டார். மோந்துகூடப் பார்க்கவில்லை.

“யாரு பண்ணது இத?”

“நாந்தான்,” என்றாள் அத்தை.

“படிச்சுப் படிச்சுச் சொன்னேனேக்கா!”

“புத்தி கெட்டுப்போச்சு.”

அப்போதுதான் எனக்கு விஷயமே புரிந்தது. வீட்டுக்கு வந்து, மாமா தூங்கிய பிறகு சொன்னேன்: “சாவிய நாந்தான் எடுத்தேன் அத்தே.”

“தெரியும். பர்ஸ் ஜிப்ப மூடாம விட்டுட்டியே. திருடறதாவது ஒழுங்கா கத்துக்கோ.”

“ஹோபர்ட் தாத்தாகிட்ட சொல்லிருவோம். அவரே கூட்டிட்டுப் போவாரு.”

“அவர் பர்லை மண்ணுக்குள்ளேர்ந்து ரெண்டு தடவ தோளுல தூக்கிட்டு வந்தவருடி. பர்லுக்குக் கெடுதல் பண்ணிட்டோம்னு தெரிஞ்சா அந்த மனுஷன் படுத்துருவாரு. யார்கிட்டயும் வாயத் தொறக்கக்கூடாது.”

மறுநாள் ஹோபர்ட் வீட்டுக்குப் போனேன். வடித்த பழைய ஆயிலைக் கேட்டு வாங்கி, திரும்ப ஊற்றிவிடலாம் என்பது என் திட்டம். அது பலிக்காது என்று இப்போது தெரியும், அன்று தெரியாது. அவர் தூரிகையும் கையுமாக வேலியோரம் குந்தியிருந்தார். வேலிக்கம்பம் பதினாலும் கறுகறுவென்று மின்னின.

“உங்க அத்தை வண்டி ஆயிலுதான். வீணாக்கலாமா? இனிமே கரையான் கிட்ட வராது,” என்றார். “ஆமா, வண்டி எப்படிப் போவுது?”

எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

“வெண்ணெயா வழுக்கிட்டுப் போவுது தாத்தா,” என்றேன். பொய்யும் இல்லை பாருங்கள்.

வியாழக்கிழமை இரண்டு மணி நேரம் முன்னதாகவே கிளம்பினோம். பாதி மலையில், குறுகலான வளைவில், வண்டி நின்றது. எஞ்சின் ஓடியது, சக்கரம் ஓடவில்லை. அத்தை கியர்க் கம்பியை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாள். எந்த இடத்திலும் ஒன்றும் பிடிக்கவில்லை. மாமா மூச்சு விடும்போது நெஞ்சில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அத்தை எஞ்சினை அணைத்துவிட்டு அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் நடுரோட்டில் இறங்கிக் கையை ஆட்டினேன். இரண்டு நிலக்கரி லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே போய்விட்டன. மூன்றாவது நின்றது. டிரைவரும் நானும் மாமாவை இடுப்பைப் பிடித்து மேலே ஏற்றினோம்.

“பாத்துடி, மூட்டை கிழிஞ்சிரும்,” என்றார் மாமா. அத்தையும் ஏறியதும் இடம் முடிந்துபோயிற்று. அன்றைக்கு நேரத்துக்குப் போய்விடுவார்கள். சனிக்கிழமைக்குத்தான் வழி தெரியவில்லை.

லாரி நகரும்போது அத்தை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினாள்:

“ஹோபர்ட் அண்ணன் இந்தப் பக்கம் வந்தா, பெட்ரோல் தீந்துபோச்சுன்னு சொல்லுடி!”

தலையாட்டிவிட்டு வண்டிக்குள் போய் உட்கார்ந்தேன். பெட்ரோல் முள் முக்கால் டாங்கில் நின்றது.