இடுப்பும் ஈரப்புடவையும்

என் மகனுக்குப் பத்து மாதம் முடிந்தபோது எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. தப்பு என்னுடையதுதான். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே கிணற்றடியில் நிறைகுடத்தைத் தூக்கினேன். அவனை இறக்கிவிட்டுத் தூக்கியிருக்கலாம். இறக்கினால் ஊரைக் கூட்டிவிடுவான். குனிந்தவள் நிமிரவில்லை. குடம் உருண்டு போயிற்று. பிள்ளையை மட்டும் எப்படியோ விடாமல் பிடித்துக்கொண்டேன்.

கரமனை அக்கிரகாரத்தில் ஒருத்திக்கு இடுப்புப் பிடித்தால் தெருவே வைத்தியம் சொல்லும். எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. என் கணவர் ஆசான் கட்சி. கழுத்தைத் திருப்ப முடியாமல் இருந்த அவருடைய ஆபீஸ் சூப்பிரண்டு, சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த களரி ஆசானிடம் எண்ணெய் தேய்த்து உழிச்சில் செய்துகொண்ட பிறகு, யார் தாமதமாக வந்தாலும் திரும்பிப் பார்க்கிறாராம். மாமியார் ஆஸ்பத்திரி கட்சி. அங்கே மின்சார விளக்கு வைத்துச் சூடு கொடுத்து, கை கால்களுக்குப் பயிற்சி சொல்லித் தர ஒரு நர்ஸ் புதிதாக வந்திருந்தாள். மாமியாருக்கு விஞ்ஞானத்தின் மேல் பிரியம் என்று நினைத்துவிட வேண்டாம். ஆசான் கை வைத்தால் பதினாலு நாள் குளிக்கக் கூடாது. குளிக்காதவள் மடி ஆசாரம் இல்லாதவள். அவள் அடுப்படிக்குள் நுழைய முடியாது. பதினாலு நாள் சமையல் மாமியார் தலையில் விழும்.

எனக்கு இந்தக் கட்சிச் சண்டையில் அக்கறை இல்லை. யார் என்னைச் சீக்கிரம் பிள்ளையைத் தூக்கவிடுவார்கள் என்பது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதனால் இரண்டு இடத்துக்கும் போய்க் கேட்டோம்.

ஆசான் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து உத்தரவு போட்டார். இந்தப் பக்கம் அவர் மனைவியின் கட்டைவிரல் என் முதுகில் இறங்கியது. எங்கேயோ மளுக்கென்றது. போனேன் என்று நினைத்தேன்; ஆனால் பாதி நிமிர்ந்துவிட்டேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

“பதினாலு நாள் உழிச்சில். பின்னே பதினாலு நாள் பத்தியம். அதுவரெ குட்டியை எடுக்கப்படாது,” என்றது கதவு.

ஆஸ்பத்திரி நர்ஸ் என்னை மல்லாந்து படுக்க வைத்து, இடுப்பை உயர்த்தி, பத்து எண்ணிவிட்டு இறக்கச் சொன்னாள். நான் ஒன்று, இரண்டு, பத்து என்று ஓடியதும் தோளில் தட்டினாள். “எண்ணுறதுல கள்ளம் கூடாது அம்மா. பத்து நாள் வாங்க. பின்னே பிள்ளையைத் தூக்கிக்கலாம்.”

இருபத்தெட்டு எங்கே, பத்து எங்கே. மாமியார் கட்சி ஜெயித்தது.

தினமும் ஆபீஸ் போகிற வழியில் கணவர் என்னை ஆஸ்பத்திரியில் விடுவார். பிள்ளையை அடுத்த வீட்டு மாமி பார்த்துக்கொள்வாள். விளக்குச் சூடும் பயிற்சியும் முடிந்து வெளியே வரும்போது எனக்கே என் நடையைப் பார்த்துப் பெருமையாக இருக்கும். பஸ்ஸில் வந்து இறங்கினால் வாசலில் மாமியார் நிற்பார்.

“ஆராரோ படுத்த கட்டில்னா அது. ஆத்தங்கரைக்குப் போய் முங்கிட்டு உள்ளே வா.”

கரமனையாற்றில் புடவையோடு முங்குவேன். மார்கழித் தண்ணீர். ஈரப்புடவை சலசலக்க வீட்டுப் படி ஏறுவதற்குள் இடுப்பு பழையபடி பிடித்துக்கொள்ளும். ஐந்து நாள் இப்படியே போயிற்று. ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை என்பதுதான் வெட்கம். முங்கிக் குளிப்பதைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்?

ஆறாம் நாள் நர்ஸ் என்னை நிறுத்தி வைத்துக் கேட்டாள். “இங்கேருந்து போகும்போ நிமிர்ந்து போறீங்க. வரும்போ பின்னேயும் வளைஞ்சு வர்றீங்க. இடையிலே என்ன செய்யறீங்க?”

“ஒண்ணும் செய்யலையே. குளிக்கறேன்.”

“சுடுவெள்ளத்திலயா?”

“ஆத்துலதான். புடவையோட.”

அவள் கையிலிருந்த துண்டை மேஜைமேல் வைத்தாள். “நான் சூடாக்கி அனுப்புறேன், நீங்க கொண்டுபோய்த் தண்ணியில முக்குறீங்க. இது கொல்லன் இரும்புக்குச் செய்யற வேலை அம்மா.”

வெந்நீரில் குளிக்கட்டுமா என்று மாமியாரிடம் கேட்டுப் பார்த்தேன். “வெந்நீருக்கு ஏதுடி மடி?” என்றார். அன்று மாலை என் கணவர், தோற்ற கட்சிக்காரர், யோசனை சொன்னார்.

“நாளையிலேந்து ஆசான்கிட்டே போறோம்னு அம்மாகிட்டே பறஞ்சுடலாம். குளிக்க வேண்டாமே.”

ஆறு நாள் ஆகியும் நிமிராத என் இடுப்பைப் பார்த்து மாமியாரும் சரி என்றார். கணவர் ஆசானிடமே போய் ஒரு புட்டி எண்ணெயும் வாங்கி வந்தார். அதை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டோம். தினமும் பயிற்சி முடிந்ததும் நர்ஸ் மூக்கைச் சுளித்துக்கொண்டு என் கழுத்தில் இரண்டு சொட்டு தடவி அனுப்புவாள். மாமியார் தூரத்திலேயே மோந்து பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டுவார். ஆசான் வீட்டுப் பாய்க்கு மட்டும் தீட்டு இல்லையாம், மருந்துக்குத் தீட்டில்லை. விளக்கு மருந்து இல்லையா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். பொய் சொன்னதில் எனக்கு இன்றுவரை ஒரு வருத்தமும் இல்லை.

நர்ஸ் பத்து நாளைப் புதிதாக எண்ண ஆரம்பித்தாள். குளிக்காத நான் கூடத்தோடு சரி. மாமியார் மடியோடு சமைப்பார்; சமையல் முடிகிறவரை பிள்ளையைத் தொட மாட்டார். நான் தொடலாம், தூக்கக் கூடாது. அவன் தவழ்ந்து வந்து இரண்டு கையையும் நீட்டுவான். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவன் அழுவான், சில நாள் நானும் அழுவேன். இடுப்பு வலியெல்லாம் அதன் முன்னால் ஒன்றுமே இல்லை.

நாலைந்து நாளில் அவன் கை நீட்டுவதை விட்டுவிட்டான். என் புடவைக் கொசுவத்தைப் பிடித்து எழுந்து நின்றான். விழுந்தான். மறுபடி எழுந்தான். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு தூண்வரை போனான். தூக்குவார் இல்லை என்று தெரிந்தவன் என்ன செய்வான், பாவம்.

பத்தாம் நாள் நர்ஸ் ஒரு மணல் மூட்டையைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, “மதி, போதும். போய்ப் பிள்ளையைத் தூக்குங்க,” என்றாள். அன்றைக்கு பஸ் அவ்வளவு மெதுவாகப் போனது.

கூடத்தில் அவன் எதையும் பிடிக்காமல் நின்றுகொண்டிருந்தான். முழங்காலை மடக்கி, நர்ஸ் சொன்னபடியே, அவனைத் தூக்கி மார்போடு சேர்த்துக்கொண்டேன். ஒரு வலியும் இல்லை. அவன் என் முகத்தை ஒரு தடவை பார்த்தான். பிறகு கையால் என் தோளைத் தள்ளினான், காலை உதறினான். கீழே விட வேண்டுமாம். நடக்க வேண்டுமாம்.

“பார்த்தியா, ஆசான் கை ஆசான் கைதான்,” என்றார் மாமியார் அடுப்படியிலிருந்து.

அவன் உதைத்துக்கொண்டே இருந்தான். ஒன்று, இரண்டு என்று, கள்ளம் இல்லாமல், பத்து வரை எண்ணிவிட்டுத்தான் இறக்கிவிட்டேன்.