க்ரை என்கிற ஒரே வார்த்தை

எனக்குத் தெரிந்த முதல் இங்கிலீஷ் வார்த்தை க்ரை. பள்ளிக்கூடத்தில் நாலாவது வரைக்கும் படித்தேன். அங்கே இங்கிலீஷ் கிடையாது. ஆம்பூரில் தோல் வாங்கி மெட்ராசுக்கு அனுப்பும் துரை ஒருவர் வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ளப் போனபோதுதான் அதைக் கற்றேன். ஜெர்மன் சண்டை முடிந்து சில வருஷம் ஆகியிருந்தது. எனக்குப் பதினேழு வயது. வேலைக்குப் பேர் ஆயா. எங்கள் பக்கத்தில் பாட்டியைத்தான் ஆயா என்போம். அதனால் அந்த வீட்டுச் சமையல்காரர் காலையில் என்னைப் பார்த்ததும், "இன்னா ஆயா, பல்லு எல்லாம் கீதா?" என்று கேட்பார். நான் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவேன். வாய் திறந்து பதில் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

துரையின் மனைவியைத் துரைசானி என்று கூப்பிடுவோம். கெட்டவள் இல்லை. நாலு மாசத்து ஆண் குழந்தை அவளுக்கு. பிள்ளை வளர்க்கச் சீமையிலிருந்து ஒரு புத்தகம் வந்திருந்தது. அதில் போட்டபடிதான் எல்லாம். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால். நடுவில் அழுதால் தூக்கக்கூடாது. மத்தியானம் பால் கொடுத்துத் தொட்டிலில் போட்டு, கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டுவிடுவாள். உள்ளே சத்தம் கேட்டு நான் எழுந்தால், "லெட் ஹிம் க்ரை" என்பாள். அழட்டும் விடு என்று அர்த்தமாம், சமையல்காரர் சொன்னார்.

அழுகிற பிள்ளைக்குத்தான் பால் என்று சொல்லும் ஊரில் பிறந்தவள் நான். எனக்கு அந்த ஒரு வார்த்தை போதவில்லை. தூக்கத்துக்குச் சிணுங்குவது வேறு, பசிக்கு அழுவது வேறு. பிடிவாதத்துக்குக் கத்துவது உண்டு. கத்தி ஓய்ந்து தேம்புவது உண்டு. வலி வந்தால் வீறிடும். துரைசானிக்கு அத்தனையும் க்ரை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், வெறும் சிணுங்கலுக்குப் பயந்து கதவைத் திறந்துவிட்டேன். குழந்தைக்கு ஒன்றுமில்லை, தூக்கம்தான். அது என் தப்பு. துரைசானி மறுபடி தாழ்ப்பாள் போட்டுவிட்டுச் சமையல்காரரிடம் ஏதோ சொன்னாள். இன்னொரு தடவை திறந்தால் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்றாளாம். வீட்டில் அப்பா தோல் ஊறப்போடும் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நின்று காலெல்லாம் புண்ணாகிப் படுத்திருந்தார். அம்மாவும் நானும் வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும்.

மார்கழிக் குளிருக்குத் துரைசானி குழந்தைக்குக் கம்பளி நூலில் பின்னிய காலுறை போட்டுவைத்தாள். ஒருநாள் மத்தியானம் தாழ்ப்பாள் போட்டுக் கொஞ்ச நேரம் ஆனது. உள்ளே சிணுங்கல் கேட்டது. நான் அசையவில்லை. பிறகு அது வீறிடலாக மாறியது. மூச்சு அடங்கும், மறுபடி அதே உயரத்தில் கிளம்பும். பிடிவாதக் கத்தல் போகப்போகத் தேய்ந்துவிடும். இது தேயவில்லை.

அந்தச் சத்தத்தை நான் அம்மா வேலை செய்த தோல் மண்டியில் கேட்டிருக்கிறேன். ஆட்டுத்தோலிலிருந்து சுரண்டிய மயிரை அலசிக் காயவைப்பது அங்கே பெண்களின் வேலை. கைக்குழந்தைக்காரிகள் பக்கத்திலேயே தூளி கட்டிப் போட்டிருப்பார்கள். மயிர் சேலையில் ஒட்டும், தூளியில் ஒட்டும். ஒரு இழை ஈரத்தோடு பிள்ளையின் விரலில் சுற்றிக்கொண்டால், காயக்காய இறுகும். கவனிக்காமல் விட்டால் விரல் கறுத்துப்போகும். அதனால் பிள்ளை வீறிட்டால் அந்தப் பெண்கள் வயிற்றைத் தொட்டுப் பார்க்கமாட்டார்கள். முதலில் இருபது விரலையும் ஒவ்வொன்றாகத் தடவுவார்கள். என் தம்பிக்கு நானே அப்படிப் பார்த்திருக்கிறேன்.

துரைசானி வராந்தாவில் கடுதாசி எழுதிக்கொண்டிருந்தாள். அவளிடம் போய் என் கால் விரலைத் தொட்டுக் காட்டினேன், அறையைக் காட்டினேன். அவள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அதே மூன்று வார்த்தையைச் சொன்னாள். நான் திரும்பிப் போய்த் தாழ்ப்பாளை நீக்கினேன்.

அவள் கத்திக்கொண்டே பின்னால் வந்தாள். அதற்குள் காலுறையை உருவிவிட்டேன். வலது காலில் இரண்டாவது விரல் நாவல்பழம் மாதிரி இருந்தது. நடுவில் ஒரு கோடு. துரைசானியின் குரல் நின்றுபோனது. இழை கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவு உள்ளே போயிருந்தது. நகத்தால் தடவித்தான் கண்டுபிடித்தேன். தைப்பது போலக் கையால் காட்டினேன். துரைசானி ஊசியும் சின்னக் கத்தரிக்கோலும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, குழந்தையின் காலை ஆடாமல் பிடித்துக்கொண்டாள். ஊசி முனையால் இழையை நெம்பி வெட்டினேன். நீளமான செம்பட்டை முடி, அவளுடையதேதான். பிள்ளை பெற்றவளுக்கு முடி கொட்டும். காலுறையை மாட்டும்போது உள்ளே போயிருக்கிறது.

விரல் சிவக்கிறதா என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். மெதுவாகத்தான் நிறம் திரும்பியது. அப்புறம் அவள் தரையிலேயே உட்கார்ந்து, சத்தமில்லாமல் அழுதாள்.

சாயங்காலம் டாக்டர் வந்து பார்த்தார். இன்னும் சில மணி நேரம் போயிருந்தால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றாராம். துரைக்குப் பொழுதுபோக்கே பழைய வார்த்தைகளைத் தேடுவது. நடந்ததைக் கேட்டவர், இந்த க்ரை எங்கிருந்து வந்தது என்று தடித்த அகராதி ஒன்றைப் புரட்டிப் படிக்க, சமையல்காரர் எனக்குச் சொன்னார். க்ரை என்பது கண்ணீருக்கு உண்டான வார்த்தையே இல்லையாம். ஆதியில் கூவுவது, குரல் விடுவதுதானாம். ரொம்பப் பழைய பாஷை ஒன்றில், ஆபத்து வந்தவன் ஊர் ஜனங்களை உதவிக்குக் கூப்பிடுவதற்கு அந்தப் பேர் இருந்ததாகச் சிலர் சொல்கிறார்களாம். இல்லை, அது பன்றிக்குட்டி கத்துகிற சத்தம் என்று சிலர் சண்டைக்கு நிற்கிறார்களாம். நான் புத்தகம் படித்தவள் இல்லை. ஆனாலும் முதலில் சொன்னவர்கள் பக்கம்தான் நான். அந்தப் பிள்ளை கூப்பிட்டதைக் கேட்டிருக்கிறேனே.

மறுநாள் துரைசானி, நீ இங்கேயே இருப்பாயா என்று சமையல்காரரை விட்டுக் கேட்டாள். நான் வாய் திறந்து சொன்னேன்:

"இருக்கறேன். அந்தக் கதவுக்குத் தாப்பா கூடாதுன்னு சொல்லுங்க."

சமையல்காரர் குரலைத் தாழ்த்தினார். "இன்னாம்மா, வேலையே போய்டும். இருக்கறேன்னு மட்டும் சொல்லிடறேன்."

"தாப்பாவையும் சேத்துச் சொல்லுங்கண்ணா."

அவர் சொன்னாரோ இல்லையோ, என் கை கதவைக் காட்டிக்கொண்டிருந்தது. துரைசானி அதைப் பார்த்தாள். அன்று மத்தியானமே தச்சரை வரவழைத்தாள். அவர் ஆணிகளைப் பிடுங்கித் தாழ்ப்பாளை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.