ஐந்து நாள் அந்தமான்

மயிலாடுதுறையில் அந்தமான் சுற்றுலாவுக்கு ஏற்பாடு செய்யும் கடையில் வேலை பார்த்தேன். குத்தாலம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி அடிக்கடி வருவார். ஒல்லியான ஆள், காலில் காய்ந்த சேறு. கடலுக்கடியில் முங்கும் ஸ்கூபா படத்தைக் கேட்டு வாங்கி, மீன்களை ஒவ்வொன்றாக விரலால் தொடுவார்.

"எங்க மதகுல முங்கினா கண்ணத் தொறந்தாலும் சேறுதாங்க. அங்க மீன் மூஞ்சியே தெரியுமாமே!"

தேதி குறிப்போம். பிறகு வந்து வேண்டாம் என்பார். மூன்றாவது முறை எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"விளையாடுறீங்களா? ஒத்த ஆளு, அஞ்சு நாளு. போயிட்டு வர என்ன கேடு?"

அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். அவருடைய குத்தகை நிலம் வழக்கில் இருந்தது. எதிராளி ஆளுங்கட்சிக்காரன். இவர் வயலில் இல்லையென்று தெரிந்தால் அன்றைக்கே டிராக்டரை இறக்கி உழுதுவிட்டு, நிலம் தன் அனுபவத்தில் இருப்பதாகக் கோர்ட்டில் சொல்லிவிடுவான். காவலுக்கு நிற்க இவருக்கு வேறு ஆள் கிடையாது.

"நீங்க வேணா அஞ்சு நாள் என் வரப்புல நில்லுங்க தம்பி. இன்னைக்கே கெளம்புறேன்" என்று சிரித்தார்.

சிரித்தாலும், என் பதிலுக்காக உண்மையாகவே காத்திருந்தார். நான் புக்கிங் நோட்டை எடுத்து அவர் தேதியை அடித்தேன். படத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனவர் அப்புறம் வரவேயில்லை.

சனியன் பிடித்த எனக்கு அப்போது எட்டு நாள் லீவு பாக்கி இருந்தது.