அவள் பெயரில் திறந்த பக்கம்

பெட்ஷீட்டில் சுற்றிய கணினிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, லோதி ரோடு போகும் ஆட்டோவில் என் அறைத்தோழி உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மேட்டிலும், “பையா, தீரே!” என்று மெதுவாகப் போகச் சொல்லி ஓட்டுநரிடம் கத்தினாள். தில்லி என்றால் இன்றும் எனக்கு முதலில் அந்தக் குரல்தான் கேட்கிறது.

இரண்டாயிரங்களின் தொடக்கம். சரோஜினி நகரில் ஒரே அறை, ஒரே சிறு நிறுவனத்தில் வேலை. நான் புரோகிராம் எழுதுவேன், அவள் சோதிப்பாள். ஓர் அலுவலகத்துக்காக விடுப்பு விண்ணப்பிக்கும் இணையதளம் செய்துகொண்டிருந்தோம். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்: பெயர், கடவுச்சொல், பொத்தான். ஒரு நாளைக்கு நாற்பது தடவை. அலுத்துப்போய், என் கணினியில் மட்டும் பக்கத்தைத் திறந்தால் எதுவும் கேட்காமல் உள்ளே விடும்படி இரண்டு வரி எழுதிக்கொண்டேன். யார் பெயரிலாவது நுழைய வேண்டுமே. தளத்தின் பயனர் பட்டியலில் முதலில் இருந்தது அவள் பெயர். இன்று இதற்கென்றே ஒரு போலிப் பெயர் வைத்துக்கொள்கிறோம். அன்று தோன்றவில்லை. மற்ற கணினிகளில் கடவுச்சொல் கேட்கும். அவள் தன் கணினியில் சோதித்தாள், கேட்டது.

லோதி ரோட்டில் இருந்த அந்த அலுவலகத்தில் செய்து காட்டும் நாளில் என் கணினியையே தூக்கிப் போகிறோம் என்பதை நான் யோசிக்கவில்லை. அங்கிருந்த அதிகாரியின் மேசைக்குப் போனாலும் அது என் கணினிதான். பக்கத்தைத் திறந்ததும் அவள் பெயரோடு நல்வரவு சொல்லி உள்ளே விட்டுவிட்டது.

“அச்சா, பூட்டே கிடையாதா?” என்று இந்தியில் கேட்டுச் சிரித்தார் அதிகாரி.

எங்கள் மேலாளர் தமிழர். அவள் பக்கம் திரும்பி, “என்னம்மா, இதைக்கூட டெஸ்ட் பண்ணலையா?” என்றார். அவளையும் என்னையும் வேலையில் நிரந்தரமாக்குவதா என்று அவர் முடிவு செய்யவேண்டிய வாரம் அது. அவள் ஒன்றும் புரியாமல் திரையில் தன் பெயரையே பார்த்தாள். எனக்கு மூன்று வழிகள் தோன்றின: அப்புறம் சொல்வது, தனியாகச் சொல்வது, சொல்லாமலே திருத்திவிடுவது. மூன்றும் எனக்கு மட்டுமே வசதியானவை.

“சார், அவ சரியாத்தான் டெஸ்ட் பண்ணினா. இது என் சௌகரியத்துக்காக நான் எழுதினது.”

திரும்பும்போது பெட்டி என் மடியில். பாதி வழியில் அவள், “ஏண்டி, தினம் நாப்பது தடவை என் பேர்ல உள்ள போனியே, எனக்கு ஒரு நாள் லீவாவது போட்டிருக்கக் கூடாதா?” என்றாள். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

அவளுக்கு அந்த மாதமே நிரந்தரக் கடிதம் வந்தது. என்னுடையது மூன்று மாதம் தள்ளிப்போனது. அதுவரை அவள் தன் கடிதத்தை வெளியே எடுக்கவே இல்லை, வீட்டுக்குக்கூடச் சொல்லவில்லை. என் கடிதம் கைக்கு வந்த அன்று மாலை, கீழே இருந்த தொலைபேசிக் கடைக்கு என்னைக் கூட்டிப் போனாள். இருவரும் அடுத்தடுத்து ஊருக்குப் பேசினோம்.