உறை பிரிக்காத புத்தகம்

அந்த நூலகத்தில் நூலகரும் அவள்தான், பெருக்குகிறவளும் அவள்தான். கூரை ஒழுகுகிறது, கூட ஒரு ஆள் வேண்டும் என்று பதினொரு வருஷமாக மாதம் தவறாமல் தலைமை அலுவலகத்துக்கு எழுதினாள். ஒரு வரி பதில் வந்ததில்லை.

நேற்று புதுப் புத்தகக் கட்டு வந்தது. எண் போட உட்கார்ந்தவள், கெட்டி அட்டை போட்ட ஒரு புத்தகத்தைத் திறந்தாள். உள்ளே அத்தனையும் அவள் அனுப்பிய கடிதங்கள். ஒரு உறையைக்கூடக் கிழிக்காமல், தேதிவாரியாக அடுக்கித் தைத்திருந்தார்கள் மகராசன்கள். மேலே ஒரு சீட்டு: "அரிய ஆவணம். ஈரம் படாத இடத்தில் வைக்கவும்."

கட்டைக் கொண்டுவந்த டிரைவர், "என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்றான்.

சீட்டை அவனிடம் நீட்டினாள்.

"அப்படி ஒரு இடம் இங்க இருந்திருந்தா, இதையெல்லாம் நான் எழுதியே இருக்க மாட்டேனேப்பா."