அண்ணன் ஊதிய மூச்சு

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் தொழிலாளர்களின் நுரையீரலைப் பற்றித்தான் என் ஆய்வு. பரிசோதிக்க வேண்டிய எண்ணிக்கையில் ஒரே ஒருவர் குறைந்தார். மறுநாள் பட்டியலைக் கொடுக்காவிட்டால் என் கைடு கையெழுத்துப் போடமாட்டார். கடைசியாகக் கிடைத்த ஏழுமலையோ மூச்சை அளக்கும் கருவியில் ஊத மறுத்தார்.

"எனக்கு மூச்சு வாங்குறது கம்பெனிக்குத் தெரிஞ்சா வேலை பூடும் மேடம். எங்கண்ணன் ஊதட்டும், என் பேரைப் போட்டுக்கோங்க."

யாரிடமும் காட்டமாட்டேன் என்று கெஞ்சினேன். அவர் நம்பவில்லை. கடைசியில், நெல் பயிரிடும் அவருடைய அண்ணனை ஊதவைத்து, 'நுரையீரல் நலம்' என்று ஏழுமலையின் பெயரில் எழுதினேன். வழக்கப்படி ஒரு நகலையும் கொடுத்தேன்.

ஆறு மாதம் கழித்து மறுபரிசோதனைக்குப் போனேன். ஏழுமலை படுக்கவும் முடியாமல் சுவரில் சாய்ந்து இரைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி அந்த நகலை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"நல்லாகீதுன்னு நீதானம்மா எழுதிக் குடுத்த? ஆஸ்பத்திரிக்குக் கூப்ட்டப்பல்லாம் இதைக் காட்டிக்கினுதான் வேலைக்குப் போனாரு!"

ஏழுமலை என்னையே பார்த்தார். சொல்லிவிடாதே என்றன அந்தக் கண்கள்.

"மெஷின் கோளாறா இருக்கும்" என்றேன்.

ஆம்புலன்ஸை நான்தான் கூப்பிட்டேன். அதில் போனவர் வீடு திரும்பவில்லை.

எனக்குப் பட்டம் கிடைத்துவிட்டது. என் ஆய்வேட்டில் ஏழுமலை இன்றும் நலமாக இருக்கிறார்.